பிரவுசருக்குள் ஒரு வெள்ளம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்னென்ன செய்வார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கத்து வீடுகளுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்து, பவர் பட்டன் எது என்பதிலிருந்து சொல்லிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. முதல் வாரம் சினிமாவும் பாட்டும் ஓடும். இரண்டாவது வாரம் பிள்ளைகளின் கேம்ஸ். மூன்றாவது வாரம் குடும்பத் தலைவர் எக்ஸெல்லைத் திறந்து வீட்டுக் கணக்கு எழுத ஆரம்பிப்பார். நாலாவது நாள் அது நின்றுவிடும். ஏன் என்று கேட்டால், "வெறும் நம்பரா இருக்கு சார், பார்த்தா தூக்கம் வருது" என்பார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டம் கட்டமாக இருக்கும் எண்களைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது. அதே எண்களைப் படமாக்கி, மேப்பில் ஏற்றி, மவுஸால் திருப்பிப் பார்க்கவும், தொட்டால் பதில் சொல்லவும் வைத்தால் கதை வேறு. இதற்கு டேட்டா விஷுவலைசேஷன் என்று பெயர். பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். விலை கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. இணைய இணைப்பும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, லேப்டாப்பைப் பார்த்து ஒரு தப்பான பதில் சொன்னேன். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

49 செ.மீ. என்றால் எவ்வளவு?

அந்த டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கு வானிலை ஆய்வு மையம் கொடுத்த மழை அளவுகளில் நான்கைத் தருகிறேன். தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் விமான நிலையம் 35, நுங்கம்பாக்கம் 29. எல்லாப் பேப்பரிலும் இவை வந்தன. எங்கள் தெருவில் எல்லோரும் படித்தார்கள். "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

ஒரு கிரவுண்ட் மனை என்பது 2400 சதுர அடி. அதன்மேல் 49 செ.மீ. மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 1,09,000 லிட்டர். கோடைக்காலத்தில் நம் தெருக்களுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் ஒன்பது லாரி. உங்கள் ஒரு மனைக்கு ஒன்பது லாரி, பக்கத்து மனைக்கு ஒன்பது லாரி, தெருவில் நாற்பது மனை இருந்தால் நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். இப்போது அதே 49 வேறு மாதிரித் தெரிகிறது அல்லவா? எண் மாறவில்லை. உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். டேட்டாவை வைத்துக் கதை சொல்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

சிவப்புக் கோடுகள்

அந்த வருடம் நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்து மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. அப்போது மேப்பாக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அருண் கணேஷ் என்பவர் ஒரு மேப்பை இணையத்தில் வைத்தார். அதன் அடிப்படை, விக்கிப்பீடியா மாதிரி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து வளர்க்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதில் சென்னையின் தெருக்கள் கோடு கோடாக இருக்கும். உங்கள் தெருவில் வெள்ளம் என்றால், பிரவுசரில் அந்தக் கோட்டை மவுஸால் கிளிக் செய்ய வேண்டியதுதான். நிறம் மாறிவிடும். அடுத்த நிமிடம் வேளச்சேரியில் இருப்பவரும் வெளிநாட்டில் இருப்பவரும் அதைப் பார்க்கலாம். தாழ்வான இடங்கள் எவை என்பதும் பின்னணியில் தெரியும்.

டிசம்பரில் அந்த மேப்பில் ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. அதே நாட்களில் சென்னைரெயின்ஸ் டாட் ஆர்க் என்ற தளத்தைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். யார் வீட்டில் தங்க இடம் உண்டு, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் பட்டியலாக இருந்தன. பட்டியலும் பெரிய உதவிதான். ஆனால் அதில் தேட வேண்டும். மேப்பில் கண் தானாகவே தன் தெருவுக்குப் போய்விடும்.

என் கண்ணும் போனது. என் சித்தப்பாவும் சித்தியும் முடிச்சூரில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறார்கள். அப்போது தரைத்தளம் மட்டும்தான், மேலே மொட்டை மாடி. நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, வழித்துத் தள்ளிச் சுத்தம் செய்து முடித்த கை காயவில்லை, மறுபடி மழை.

டிசம்பர் 1 இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. லேப்டாப்பில் பாதி பேட்டரி, ஒரு டேட்டா கார்டு. மேப்பைத் திறந்தேன். மெயின் ரோட்டில் நிறம் ஏறியிருந்தது. சித்தப்பாவின் குறுக்குத் தெரு மட்டும் எந்த நிறமும் இல்லாமல் இருந்தது. போன் போட்டேன், கிடைத்தது.

"கிளம்பி பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிடலாமான்னு சித்தி கேக்கறா. நீ என்ன சொல்றே?" என்றார்.

"மெயின் ரோட்டிலதான் தண்ணி சித்தப்பா. உங்க தெரு மேப்பில சுத்தமா இருக்கு. இந்த மழையில இருட்டில எங்கேயும் போகாதீங்க, படுத்துத் தூங்குங்க" என்றேன்.

நள்ளிரவுக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கட்டில் மிதக்க ஆரம்பித்த பிறகு இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சித்தப்பாவின் இன்சுலின் மருந்து கீழே ஃபிரிட்ஜோடு போயிற்று. ஒரு தார்ப்பாய்க்கு அடியில் மறுநாள் பகலும் அடுத்த இரவும் கழிந்து, 3ஆம் தேதி மதியம் படகில் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரி. கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏண்டா, உன் மேப்பில நிறம் அடிக்கறது யாரு?"

"அந்தந்தத் தெருவில இருக்கறவங்கதான் சித்தப்பா."

"எங்க தெருவில சாயங்காலமே கரண்ட் போயிடுச்சு. எல்லார் செல்லும் செத்துக்கிட்டு இருந்துச்சு. எவன்டா அடிப்பான்?"

தப்பு மேப்பில் இல்லை. வெள்ளம் இருக்கிறது என்று யாராவது சொன்ன தெருவை அது காட்டியது. யாரும் எதுவும் சொல்லாத தெருவை, வெள்ளம் இல்லாத தெரு என்று படித்தவன் நான். தண்ணீர் அதிகம் உள்ள இடத்தில்தான் கரண்டும் செல்போன் டவரும் முதலில் போகும். அதனால் நிலைமை மோசமாக இருக்கும் தெருவே மேப்பில் வெறுமையாக இருக்கக்கூடும். இதை யோசிக்க எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வார்டு தேவைப்பட்டது.

லண்டனில் ஒரு சாராய ஆலை

பிறகு இந்த விஷயத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் கதை ஜான் ஸ்னோ என்ற டாக்டருடையது. 1854இல் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா. இறந்தவர்களை வீடு வீடாக மேப்பில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக அவர் குறித்தார். கோடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்பைச் சுற்றிக் கூடி நின்றன. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. தண்ணீரில்தான் கோளாறு என்று அவர் சொல்ல, அந்த மேப் பக்கபலமாக இருந்தது.

எல்லோரும் இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. பம்பின் அருகிலேயே ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவர்கூட காலராவில் சாகவில்லை. மேப்பில் கோடுகள் அடைத்துக் கிடந்த பகுதியில் அந்த ஆலை மட்டும் வெறுமை. 'அங்கே நோய் இல்லை, நல்லது' என்று ஸ்னோ போய்விடவில்லை. நேரில் போய் ஆலை முதலாளியைக் கேட்டார். தொழிலாளிகளுக்குத் தினமும் குடிக்க பீர் கொடுக்கிறோம், ஆலைக்குள் தனிக் கிணறும் உண்டு, தெருப் பம்புத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை என்றார் அவர். வெறுமையான இடம்தான் ஸ்னோவின் வாதத்துக்குப் பலமான சாட்சி ஆயிற்று. அவர் போய்க் கேட்டார். நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிரவுசர் எப்படி இதையெல்லாம் செய்கிறது?

முன்பெல்லாம் இணையத்தில் அசையும் படம் எதைப் பார்க்கவும் ஃபிளாஷ் பிளேயர் கேட்கும். நிறுவு, அப்டேட் செய், மறுபடி நிறுவு என்று உயிரை வாங்கும். 2020 டிசம்பர் 31உடன் அந்த ஃபிளாஷுக்கே மூடுவிழா நடந்துவிட்டது. இன்று வெப்ஜிஎல் என்ற தொழில்நுட்பம் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. 2011இல் வந்த இது, கேம்ஸ் விளையாடுவதற்கு என்று கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பை, ஒரு வலைப்பக்கமும் பயன்படுத்திக்கொள்ள வழி செய்கிறது. அதனால்தான் பல்லாயிரம் புள்ளிகள் உள்ள மேப்பையும் மவுஸால் பம்பரம் மாதிரிச் சுற்ற முடிகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் மேப் கறுப்பாகவே இருந்தாலோ நத்தை மாதிரி நகர்ந்தாலோ, குரோமில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போங்கள். கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்ற ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் ஆன் செய்து, பிரவுசரை மூடித் திறங்கள். என்னிடம் வரும் பத்தில் பாதிப் புகார் இதிலேயே சரியாகிவிடும்.

முதலில் அடுத்தவர் செய்ததைப் பார்த்துப் பழகலாம். பிரவுசரில் கூகுள் எர்த் தளத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் மணிமங்கலம் என்று கொடுங்கள். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள பெரிய ஏரி தெரியும். கண்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் காட்சி சாயும். மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது போல இருக்கும். இப்போது அடையாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே மெதுவாக வாருங்கள். ஆதனூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர், அப்புறம் திருநீர்மலை, அனகாபுத்தூர், விமான நிலைய ஓடுபாதை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடல்.

இந்த ஒரு பயணத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் இன்றும் டீக்கடையில் கேட்டால், 'செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், முடிச்சூர் மூழ்கியது' என்பார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கும் மேலே, ஆறு வரும் வழியில் முன்னதாகவே இருக்கிறது. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடந்தது ஒன்று, முடிச்சூருக்கு நடந்தது வேறொன்று. தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ.யும், மேலே நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்த ஏரிகளின் தண்ணீரும்தான் சித்தப்பா வீட்டுக்குள் வந்தவை. இத்தனை வருடம் பேப்பர் படித்தும் எனக்கு ஓடாதது, பத்து நிமிடம் மவுஸை இழுத்ததில் புரிந்தது.

நம் கிழக்குப் பக்கத்தையும் இதே மாதிரி பார்க்கலாம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது கீழ்க்கட்டளை, அது நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஏரியைக் கோத்த மாலை மாதிரி வரும். அதே கூகுள் எர்த்தில் டைம்லாப்ஸ் என்ற வசதியும் உண்டு. 1984இலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களைச் சினிமா மாதிரி ஓட்டிக் காட்டும். அதில் பள்ளிக்கரணையைப் பெரிதாக்கிவிட்டு வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எப்படி நெருங்கின என்பதற்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

நீங்களே செய்யலாம்

இனி சொந்தச் சமையல். நான் பயன்படுத்துவது கெப்ளர் டாட் ஜிஎல் என்ற தளம். ஊபர் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த அம்சம், நீங்கள் கொடுக்கும் ஃபைல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கும். அவர்களுடைய சர்வருக்குப் போகாது. கெட்ட அம்சமும் அதுதான். டேபை மூடினால் எல்லாம் போயே போச்சு. சேமிக்க மறக்காதீர்கள்.

முதலில் எக்ஸெல்லில் ஒரு அட்டவணை. முதல் வரிசையில் தலைப்புகள்: இடத்தின் பெயர், லாட்டிட்யூட், லாங்கிட்யூட், அளவு. நடுவில் உள்ள இரண்டையும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் முழுதாக எழுதினால் கெப்ளர் தானாகப் புரிந்துகொண்டு புள்ளிகளை வைத்துவிடும். ஒரு இடத்தின் எண்கள் வேண்டுமானால் கூகுள் மேப்ஸில் அந்த இடத்தின்மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். மேலேயே இரண்டு எண்கள் வரும், அவற்றைக் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். பழகுவதற்கு மேலே சொன்ன மழை அளவுகளையே எடுத்துக்கொள்ளலாம். தாம்பரம் 12.92, 80.12. செம்பரம்பாக்கம் 13.01, 80.06. மீனம்பாக்கம் 12.99, 80.17. நுங்கம்பாக்கம் 13.06, 80.24.

சேமிக்கும்போது ஒரு கண்டம் இருக்கிறது. சேவ் ஆஸ் கொடுத்து, பட்டியலில் சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் ஃபாண்ட் இல்லாமல் பெட்டி பெட்டியாகப் பார்த்த காலத்து ஆட்களுக்கு இது ஒரு சின்னப் பழிவாங்கல் போலத் தோன்றும்.

தளத்தைத் திறந்து, கேட்கும் பெட்டியில் இந்த ஃபைலை இழுத்துப் போடுங்கள். மேப்பில் புள்ளிகள் வந்துவிடும். இடது பக்கம் லேயர்ஸ் என்ற பகுதியில் புள்ளியின் நிறத்தையும் அளவையும் எந்தத் தலைப்பின்படி மாற்றுவது என்று சொல்லலாம். அதே இடத்தில் லேயரின் வகையை ஹெக்ஸ்பின் என்று மாற்றினால் புள்ளிகள் அறுகோணக் கட்டங்களாகும். ஹைட் என்ற ஸ்விட்சை ஆன் செய்து, வலது பக்கம் உள்ள முப்பரிமாண பட்டனை அழுத்துங்கள். மழை, தூண் தூணாக எழுந்து நிற்கும். ரைட் பட்டனை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் சுற்றி வரலாம். தேதியும் நேரமும் உள்ள ஒரு தலைப்பைச் சேர்த்து, ஃபில்டர்ஸ் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் கீழே பிளே பட்டன் வரும். மணி ஓட ஓடப் புள்ளிகள் ஏறும், இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. தூண் பார்க்க அழகுதான், ஆனால் முன்னால் நிற்பது பின்னால் உள்ளதை மறைத்துவிடும். நான்கு எண்களுக்குத் தூண் தேவையே இல்லை. சுற்ற முடிகிறது என்பதற்காகச் சுற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குப் புது கார் வாங்கியவர் ஞாபகம்தான் வரும். தட்டையான மேப்பில் புரிந்தால் தட்டையாகவே விடுங்கள்.

எங்கள் தெரு மேப்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அந்தப் பகுதிக்குள் மறுபடி தண்ணீர் புகுந்தது. இந்த முறை சித்தப்பாவுக்குக் கவலை இல்லை. 2017இலேயே மாடியில் ஒரு போர்ஷன் கட்டி ஏறிவிட்டார். தரைத்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீர் வடிந்ததும் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. 2015இல் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை ஆட்கள் ஞாபகம் வைத்திருக்கும்போதே எழுதிவிட்டால் என்ன?

டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சித்தப்பாவும் நானும் வீடு வீடாகப் போனோம். செ.மீ. கணக்கு யாரிடமும் இல்லை. "சுவிட்ச் போர்டு வரைக்கும்", "சாமி அலமாரியில கீழ் தட்டு நனையலை", "ஜன்னல்ல மூணாவது கம்பி" என்றுதான் சொன்னார்கள். நாங்கள் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டோம். பூட்டிக் கிடந்த வீடுகளை நான் விட்டுவிடவில்லை. அவற்றையும் அட்டவணையில் சேர்த்து, அளவுக்குப் பதிலாகத் 'தகவல் இல்லை' என்று எழுதி, மேப்பில் சாம்பல் நிறம் கொடுத்தேன். வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

மேப்பைத் தெருவில் காட்டிய அன்று மாலையே ஒரு வீட்டுக்காரர் வந்தார். "தம்பி, பொண்ணு கல்யாணத்துக்கு இந்த வீட்டைத்தான் விக்கப்போறேன். இதைப் பார்த்தா எவன் வாங்குவான்? எங்க வீட்டை எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன். அவர் வீட்டையும் சாம்பல் ஆக்கினேன்.

சித்தப்பா பார்த்துவிட்டுச் சொன்னார். "அவர் வீட்டில எங்களைவிட ஒரு முழம் அதிகம் தண்ணி. நீயே டேப் புடிச்சே. இப்ப தகவல் இல்லேன்னு எழுதறியே, அது பொய்யில்லையா?"

சரி என்று நிறத்தை இரண்டாகப் பிரித்தேன். பூட்டிய வீட்டுக்குச் சாம்பல். அவர் வீட்டுக்கு வெள்ளை, 'சொல்ல விரும்பவில்லை.' அவர் மறுநாளே திரும்பி வந்தார். "இது அதைவிட மோசம். என் நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி இருக்கு!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சித்தப்பா சொன்னதிலும் இருந்தது. மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் அந்த ஹெக்ஸ்பின் வகைதான் கை கொடுத்தது. அதில் கட்டத்தின் ஆரத்தை மாற்றலாம். ஒரு கட்டத்துக்குள் நாலைந்து வீடுகள் விழும்படி வைத்து, உயரத்துக்குச் சராசரி என்று கொடுத்தேன். இப்போது எந்த ஒரு வீடும் தனியாகத் தெரியாது. தெருவின் வடக்கு முனையில் தண்ணீர் எவ்வளவு, தெற்கு முனையில் எவ்வளவு என்பது தெரியும். அவருடைய அளவும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறது. பூட்டிய வீடுகள் பழையபடி சாம்பல் புள்ளிகளாக மேலே நிற்கின்றன. "இப்படின்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார், சந்தோஷமில்லாமல். அவருடைய ஒரு முழ வித்தியாசம் சராசரியில் கரைந்துவிட்டது என்பதில் எனக்கும் முழு சந்தோஷம் இல்லை.

உங்கள் தெருவுக்குச் செய்கிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். கதவு எண், ஆள் பெயர் எதையும் அட்டவணையில் போடாதீர்கள். நான் மேப்பை இணையத்தில் ஏற்றவும் இல்லை. கெப்ளரில் மேலே உள்ள ஷேர் பட்டனில் எக்ஸ்போர்ட் மேப் என்பதைக் கொடுத்து, எச்டிஎம்எல் வகையைத் தேர்ந்தெடுத்தால் முழு மேப்பும் ஒரே ஃபைலாக இறங்கிவிடும். அதை பென் டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம். டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். ஆனால் மேப் தெரிய இணைய இணைப்பு வேண்டும்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே அந்த ஃபைலை வைத்திருக்கிறேன். அவர் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார். தரைத்தளத்தை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களை முதலில் மாடிக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, மேப்பைத் திறந்து காட்டுகிறார். போன வாரம் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். வீடு பிடித்திருந்தது, வாடகையும் ஒத்துவந்தது. மேப்பில் அந்த முனையின் தூணைப் பார்த்து, "இது எவ்வளவு உயரம் சார்?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். சித்தப்பா எழுந்து நின்று தன் மார்பில் கையை வைத்துக் காட்டியிருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். "அவங்க வேற இடம் பார்த்துக்கறோம்னு போயிட்டாங்கடா. சித்தி என்னைத் திட்டறா. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொருத்தர் வரார். அந்தத் தூணைச் சாய்ச்சுக் காட்டறதுக்கு மவுஸ்ல எந்த பட்டனை அமுக்கணும்னு சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."